ஏழாவது ஆள்

ஆறு பேர் ஏறினால் அது டாக்ஸி. ஏழாவது ஆள் ஏறினால் அது பஸ்.

நான் சொல்லவில்லை, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அதன் இரண்டாவது பிரிவு முழுக்க வரையறைகள். டிரைவரைத் தவிர்த்து ஆறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு, ஆளுக்குத் தனித்தனியாகக் காசு வாங்கிக்கொண்டு ஓடுகிற வண்டி 'ஸ்டேஜ் கேரியேஜ்'. அதாவது நாம் பஸ் என்று சொல்வது. வண்டியை மொத்தமாக ஒருவர் பேசி அமர்த்தினால் 'காண்ட்ராக்ட் கேரியேஜ்', வாடகை வண்டி. அந்த இரண்டாவது வரையறையின் வாலில் ஒரு சின்னச் சலுகை தொங்குகிறது. ஆறு பேர் வரை ஏற்றும் மோட்டார் கேப், தலைக்கு இவ்வளவு என்று வாங்கினாலும் வாடகை வண்டிதான். ஏழிலிருந்து பன்னிரண்டு பேர் வரை ஏற்றும் மேக்ஸி கேபுக்கு அந்த வரியில் இடம் உண்டு, தலைக்கட்டணச் சலுகை மட்டும் இல்லை.

கோட் எழுதிச் சோறு தின்கிறவனுக்கு இது ஒரு இஃப் கண்டிஷன் மாதிரித்தான் தெரியும். எண்ணிக்கை ஆறைத் தாண்டியதா? காசு தனித்தனியா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் கதை வேறு. வழித்தடம், நேர அட்டவணை, அரசு நிர்ணயித்த கட்டணம், பஸ் பர்மிட் எல்லாம் வேண்டும். இல்லாமல் ஓட்டினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. இந்தக் கண்டிஷனை எழுதியவர்கள் ஜவ்வாது மலையைப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்திருக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இருக்கவில்லை. அவர்கள் பயந்தது ரயிலுக்காக. அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஜவ்வாது மலையை என் வயதுக்காரர்கள் பலருக்குக் காவலூர் தொலைநோக்கியை வைத்துத்தான் தெரியும். பள்ளிக்கூடப் பொது அறிவுப் புத்தகத்தில் வரும். மலை அதைவிட ரொம்பப் பெரியது. ஒரு காலத்தில் முழுக்க வட ஆற்காடு மாவட்டம். 1989இல் அந்த மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது, 2019இல் வேலூர் மறுபடி மூன்றாகப் பிரிந்தது. இன்று ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டம். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு திருப்பத்தூர் மாவட்டம். அமிர்தி, பீஞ்சமந்தைப் பக்கம் வேலூர் மாவட்டம். மலையாளிப் பழங்குடி மக்களுக்கு இது ஒரே மலைதான். பெண் கொடுப்பதும் எடுப்பதும், திருவிழாவும் கோடு பார்த்து நடப்பதில்லை. பர்மிட்டுக்கு மட்டும் கோடு உண்டு. ஒரு மண்டலத்தில் கொடுத்த பர்மிட் இன்னொரு மண்டலத்தில் செல்ல எதிர்க்கையொப்பம் வேண்டும் என்கிறது சட்டத்தின் 88வது பிரிவு.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு நாற்பது கிலோமீட்டர் சுமார். அரசு பஸ் போகிறது. திருப்பத்தூரிலிருந்து, ஆலங்காயத்திலிருந்து எல்லாம் பஸ் உண்டு. பிரச்சினை ஜமுனாமரத்தூரில் இறங்கிய பிறகு. மெயின் ரோட்டிலிருந்து ஐந்து, எட்டு, பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற சிற்றூர்களுக்குப் போக பஸ் ஒன்று காலையில் வரும், இல்லையென்றால் வராது. 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பது இந்த மாநிலம் செய்த நல்ல காரியங்களில் ஒன்று என்று நினைக்கிறேன். ஆனால் இலவசம் என்பதற்கு முன்னால் பஸ் என்று ஒன்று வரவேண்டும் இல்லையா? அது வராத இடத்தில் ஜீப் வரும். இப்போதெல்லாம் ஜீப்பைவிடப் பிக்கப் வேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு பிக்கப்பில் நானும் போனேன். பின்னால் சரக்குத் தொட்டியில் பதினோரு பேர், நான் பன்னிரண்டாவது. பக்கத்தில் ஒரு அம்மா சாமை மூட்டையைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். "எனக்கு முப்பது, மூட்டைக்கு இருபது தம்பி. மூட்ட சீட்டு கேக்காது, அதான் கம்மி" என்றார். டிரைவருக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். பர்மிட் பற்றிப் பேச்சை எடுத்தேன். "ணா, இது சரக்கு வண்டிணா. ஆள ஏத்துனா தப்பு. ஏத்தாம போனா ஊர்ல எவனும் பேசமாட்டான்" என்றான். சோதனை இருக்கிறது என்று போன் வந்தால் கொஞ்சம் முன்னாலேயே எல்லாரும் இறங்கி நடந்து, வளைவு தாண்டி மறுபடி ஏறிக்கொள்வார்களாம். மூட்டைகள் மட்டும் சட்டப்படி வண்டியிலேயே போகும்.

சரி, இந்த ஆறும் ஏழும் எங்கிருந்து வந்தன?

வாடகை வண்டிக்கு அரசு கட்டுப்பாடு போடுவது லண்டனில் நானூறு வருஷப் பழக்கம். 1635இல் முதலாம் சார்லஸ், ஹேக்னி கோச் எனப்பட்ட வாடகைக் குதிரை வண்டிகள் தெருவை அடைக்கின்றன என்று ஒரு பிரகடனம் போட்டார். ஊருக்கு வெளியே மூன்று மைலாவது போகிற பயணமாக இருந்தால்தான் வாடகை வண்டி அமர்த்தலாம். 1654இல் கிராம்வெல் ஆட்சி வண்டிக்காரர் எண்ணிக்கையை 200 என்று நிறுத்தியது. அப்புறம் ஏறியது, 1662இல் 400. எண்ணிக்கைக்கு வரம்பு வைத்ததும் லைசென்ஸ் ஒரு சொத்தாகிவிட்டது. சொத்து வைத்திருப்பவர்கள் அதைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். 1829இல் ஜார்ஜ் ஷில்லிபியர் என்பவர் பாரிஸைப் பார்த்துக் குதிரை இழுக்கும் ஆம்னிபஸ் ஒன்றை லண்டனில் விட்டார். இருபத்திரண்டு பேர், ஆளுக்கு ஒரு ஷில்லிங். பாடிங்டனிலிருந்து பாங்க் வரை. அந்த வண்டி நகரின் நடுவே போகாமல் சுற்றிக்கொண்டுதான் போனது, ஏனென்றால் நடு நகரத்தில் ஆளேற்றும் உரிமை ஹேக்னிக்காரர்களுடையது. அந்த ஏகபோகம் 1832இல்தான் உடைந்தது. தலைக்கு டிக்கெட்டா, வண்டிக்கு வாடகையா என்ற சண்டைக்கு வயது இருநூறு என்று வைத்துக்கொள்ளலாம்.

லண்டனுக்கு வெளியே, 1847ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டம் ஹேக்னி லைசென்ஸை அந்தந்த ஊரின் கையில் கொடுத்தது. அந்தச் சட்டம் இன்னும் இங்கிலாந்தில் உயிரோடு இருக்கிறது. இன்றும் அங்கே டாக்ஸிக்கு லைசென்ஸ் கொடுப்பது நம்மூர் நகராட்சி மாதிரியான உள்ளூர் கவுன்சில்தான். 1976இல் போனில் முன்பதிவு செய்யும் வாடகைக் கார்களும் அதற்குள் வந்தன. டிரைவருக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, புக்கிங் எடுப்பவருக்கு ஒன்று என்று மூன்று லைசென்ஸ். வண்டியின் வயது என்ன இருக்கலாம், டிரைவரின் பழைய குற்றப் பதிவை எப்படிப் பார்ப்பது என்று ஒவ்வொரு கவுன்சிலும் கொள்கை ஒன்று எழுதி வைத்திருக்கும். மக்கள் அதைப் படித்துக் கருத்து சொல்லலாம்.

உள்ளூர் கையில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ராதரம் நகரத்தில் சிறுமிகள்மேல் நடந்த பாலியல் கொடுமைகளைப் பற்றி 2014இல் அலெக்சிஸ் ஜே கொடுத்த அறிக்கையில் டாக்ஸிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. லைசென்ஸ் கொடுத்த கவுன்சில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம், உல்வர்ஹாம்ப்டன் கவுன்சிலில் சுலபமாக லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வேறு எங்கெங்கோ ஓட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில்.

அமெரிக்காவில் கதை இன்னும் வேகமாக முடிந்தது. 1914இல் லாஸ் ஏஞ்சலஸில் சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் டிராம் பாதையிலேயே ஓட்டி, ஐந்து சென்ட்டுக்கு ஆள் ஏற்றினார்கள். ஜிட்னி என்று பெயர். சில மாதங்களில் நாடு முழுக்கப் பரவியது. டிராம் கம்பெனிகள் அலறின. நகர கவுன்சில்கள் தனித்தனியாகச் சட்டம் போட்டு, கட்ட முடியாத அளவுக்கு ஜாமீன் தொகை கேட்டு, சில வருஷங்களுக்குள் ஷேர் காரை ஏறக்குறைய ஒழித்துவிட்டன.

நம் ஊரில்? சென்னையில் ஜட்கா, ரிக்‌ஷா காலத்திலேயே 1911இல் ஹேக்னி வண்டிச் சட்டம் வந்துவிட்டது. எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் பட்டது அடுத்த இருபது வருஷம். மோட்டார் பஸ் ஊர்களுக்குள் வந்த 1920களில் சென்னை மாகாணத்தில் அதற்கு லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் ஜில்லா போர்டுகளிடம் இருந்தது. ரோடு போர்டு போட்டது, ரோட்டில் ஓடுகிற பஸ்ஸுக்கு லைசென்ஸும் போர்டே கொடுத்தது. அதாவது இங்கிலாந்தில் இன்று இருப்பதுபோல ஒன்று நம்மிடமும் இருந்தது. அதை என்ன செய்தோம் என்றால், அரசியல் செய்தோம். போர்டு தலைவருக்கு வேண்டியவருக்கு ரூட் கிடைக்கும், வேண்டாதவருக்குக் கிடைக்காது. ஜஸ்டிஸ் கட்சிக் காலத்து மாகாண அரசியலை எழுதியவர்கள் பஸ் லைசென்ஸை ஒரு பதவிப் பரிசாகவே குறிப்பிடுகிறார்கள். தேர்தலில் உழைத்தவனுக்கு ஒரு ரூட்.

அந்த அதிகாரம் கீழேயிருந்து மேலே போனதற்கு இது மட்டும் காரணமில்லை. ரயில்வே நஷ்டப்பட்டது. 1930களின் தொடக்கத்தில் மிட்செல், கிர்க்னஸ் என்ற இரண்டு அதிகாரிகள் சாலைக்கும் ரயிலுக்கும் உள்ள போட்டியை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார்கள். பஸ்கள் ரயிலின் பயணிகளைக் கொண்டுபோகின்றன, கட்டுப்படுத்த வேண்டும் என்பது அதிலிருந்து எழுந்த கொள்கை. ரயில் அரசின் முதலீடு. பஸ் எவனோ ஒரு செட்டியார், ஒரு முதலியார், ஒரு ஐயங்காரின் முதலீடு. முடிவு என்னவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பிறந்தது. பிரிட்டனின் 1930ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்திலிருந்து 'தனித்தனிக் கட்டணம்' என்ற அளவுகோலை எடுத்துக்கொண்டது. ஆறு பேருக்கு மேல் என்ற எண்ணும் அந்த வரையறையில் வந்து உட்கார்ந்தது. 1988இல் புதுச் சட்டம் எழுதியபோதும் அந்த வாசகம் அப்படியே வந்தது. பழைய புரோகிராமிலிருந்து ஃபங்ஷனை காப்பி அடித்துப் புதிதில் ஒட்டுகிற வேலையை நாங்கள் தினம் செய்கிறோம். ஏன் ஆறு என்று கேட்க அந்த ஆள் கம்பெனியில் இருக்கமாட்டார்.

நடுவில் ஒரு தமிழ்நாட்டு வழக்கைச் சொல்லியாக வேண்டும். தென்காசி சி.எஸ்.எஸ். மோட்டார் சர்வீஸ் அரசாங்கத்தின்மேல் போட்ட வழக்கு. 1950களின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வெங்கடராம அய்யர், பொதுச் சாலையில் வாடகைக்கு வண்டி ஓட்டுவது குடிமகனின் உரிமை, அரசு போடும் பிச்சை அல்ல என்ற பொருளில் எழுதினார். அரசு அதை நியாயமான அளவுக்குக் கட்டுப்படுத்தலாம், அவ்வளவுதான். 1954இல் உச்ச நீதிமன்றம் சகீர் அகமது வழக்கில் இந்தக் கருத்தை ஏற்றுக்கொண்டது. படிக்கும்போது சந்தோஷமாக இருக்கும். ஆனால் சாலை யாருடையது என்று அந்தத் தீர்ப்பு சொன்ன இருபது வருஷத்துக்குள் தமிழ்நாட்டில் பெரிய பஸ் கம்பெனிகளை அரசே எடுத்துக்கொண்டது, 1971இல் அதற்கென்று சட்டம் வந்தது. அரசு பஸ்தான் ஏழையின் வண்டி என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அரசு பஸ் திரும்ப முடியாத இடத்தில் ஏழையின் வண்டி எது என்பதுதான் கேள்வி.

இந்தச் சட்டத்தில் பஞ்சாயத்துக்கு என்ன இடம்? 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி வண்டி நிற்கும் இடத்துக்குக் கட்டணம் வாங்கலாம். ஸ்டாண்டு ஏலம் விடலாம். எந்த வண்டி, எத்தனை பேர், எவ்வளவு காசு என்பதில் வாய் திறக்க முடியாது. ஜவ்வாது மலையில் மழைக்காலத்தில் எந்த வளைவில் மண் சரியும், எந்தப் பையன் நிதானமாக ஓட்டுவான், எவன் குடித்துவிட்டு ஓட்டுவான் என்று ஊருக்குத் தெரியும். பர்மிட் கொடுக்கும் ஆபீஸுக்குத் தெரியாது.

2022 ஏப்ரல் 2. யுகாதி நாள். புதூர்நாடு பக்கம் புலியூர் கிராமத்து மக்கள் ஒரு வேனில் சேம்பரை மலைக்கோயிலுக்குக் கிளம்பினார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். பிக்கப் வேன்தான், சரக்கு ஏற்றுவது. மலைப்பாதையில் கட்டுப்பாடு இழந்து பள்ளத்தில் விழுந்தது. பதினோரு பேர் செத்தார்கள். பிரதமரும் முதல்வரும் இரங்கல் தெரிவித்தார்கள், நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அப்புறம் வழக்கமாக என்ன நடக்குமோ அது. சரக்கு வாகனங்களில் ஆட்களை ஏற்றினால் கடும் நடவடிக்கை என்று எச்சரிக்கை வரும். எச்சரிக்கை தப்பு என்று யார் சொல்வார்கள்? கோயிலுக்கு வேறு எதில் போவது என்று மட்டும் எந்த அறிவிப்பிலும் இருக்காது.

நிவாரணம் என்பது அரசின் கருணை. இழப்பீடு என்பது உரிமை, அது இன்சூரன்ஸிலிருந்து வர வேண்டும். இங்கேதான் அந்த வரையறை ஆளைக் கொல்கிறது, செத்த பிறகு இன்னொரு முறை. சரக்கு வண்டியில் சும்மா ஏறிப்போகிற பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில், ஆஷா ராணி வழக்கில் சொன்னது. அதற்கு முன்னால் சத்பால் சிங் வழக்கில் எதிர்மாறாகச் சொல்லியிருந்தது, அதை இது மாற்றியது. அதன் பிறகு தனக்குப் பொறுப்பில்லை என்று வாதாட கம்பெனியின் கையில் ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. கம்பெனி தப்பிவிட்டால் வண்டி முதலாளி கட்ட வேண்டும். லோனில் பிக்கப் வாங்கிய மலைக்காரப் பையனிடம் பதினோரு உயிருக்கான தொகை எங்கே இருக்கும்? கோர்ட் உத்தரவு கையில் இருக்கும், காசு வராது.

ஒரு விதிவிலக்கு உண்டு. 1994 திருத்தத்தின்படி, சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ சரக்கோடு கூட வந்தால் அவருக்கு இன்சூரன்ஸ் பாதுகாப்பு உண்டு. சாமை மூட்டை வைத்திருந்த அந்த அம்மாவை நினைத்துப் பாருங்கள். மூட்டைக்கு இருபது ரூபாய் கொடுத்த வகையில் அவர் சரக்கு உரிமையாளர். தனக்கு முப்பது ரூபாய் கொடுத்த வகையில் அவர் சட்டவிரோதப் பயணி. போகும்போது மூட்டையோடு போனார், சாமையை விற்றுவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். விபத்து எந்தப் பக்கப் பயணத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்து அவருடைய பிள்ளைகளின் வழக்கு மாறும். இதை நான் ஒரு நண்பனிடம் சொன்னபோது சிரித்தான், அவன் வக்கீல். "மூட்டை காலியா இருந்தாலும் கையில வெச்சிருக்கச் சொல்லு" என்றான்.

வேறு ஊர்கள் என்ன செய்தன என்று தேடினேன். கென்யாவில் 1973இல் கென்யாட்டா ஒரே உத்தரவில் மடாட்டு என்கிற ஷேர் வேன்களுக்கு லைசென்ஸே வேண்டாம் என்று விட்டார். மக்களுக்கு வண்டி கிடைத்தது, சாலையில் சாவும் கிடைத்தது. பிறகு பல வருஷம் அதைக் கட்டுக்குள் கொண்டுவரப் போராடினார்கள். என்னைப் பிடித்து உட்கார வைத்தது பிரிட்டனின் 1985ஆம் ஆண்டு போக்குவரத்துச் சட்டம். தாட்சர் காலத்துச் சட்டம், பஸ்களைத் தனியாருக்குத் திறந்துவிட்டதற்காகத் திட்டு வாங்குவது. அதன் 10, 11, 12ஆம் பிரிவுகளை யாரும் பேசுவதில்லை. கவுன்சில் லைசென்ஸ் பெற்ற டாக்ஸிகள் தனித்தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆளேற்றலாம். உள்ளூர் கவுன்சிலே அதற்குத் திட்டம் போடலாம். சிறப்பு லைசென்ஸ் வாங்கிக்கொண்டு டாக்ஸியையே ஒரு வழித்தடத்தில் பஸ் போல ஓட்டலாம். நமக்கு அந்தக் கோட்டைக் கொடுத்த நாடு தன் ஊரில் அந்தக் கோட்டில் ஒரு கதவு வைத்துக்கொண்டது.

தமிழ்நாடும் சும்மா இருக்கவில்லை. 1990களின் கடைசியில் கலைஞர் அரசு மினி பஸ் திட்டம் கொண்டுவந்தது. பஸ் போகாத பாதைதான் பெரும்பகுதியாக இருக்க வேண்டும், மொத்தம் 20 கிலோமீட்டர். என் சித்தி ஊருக்கு முதன்முதலில் வந்த வண்டி அதுதான். உள்ளே எப்போதும் பாட்டு ஓடும். அப்புறம் டீசல் விலை ஏற, கட்டணம் ஏறாமல் நிற்க, நிறைய வண்டிகள் நின்றுபோயின. 2025 ஜூன் 16இல் தஞ்சாவூரில் புதிய விரிவான மினி பஸ் திட்டத்தைத் தொடங்கினார்கள், இப்போது 25 கிலோமீட்டர் வரை. நல்ல விஷயம். ஆனாலும் அது பஸ்தான். காலையில் நாற்பது பேர் கிளம்பி, பகலில் யாருமே இல்லாமல், திடீரென்று பிரசவ வலிக்கு ஒருவர் என்று இருக்கிற ஊருக்கு அட்டவணை போட்ட பஸ் கட்டுப்படியாகாது. ஒன்பது பேர் சேர்ந்தால் கிளம்புகிற ஜீப்தான் கட்டுப்படியாகும்.

என் எண்ணத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட மலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் போகும் வண்டிக்கு, தலைக்குக் காசு வாங்கும் உரிமையோடு, பயணி இன்சூரன்ஸோடு ஒரு லைசென்ஸ் வேண்டும். யாருக்குக் கொடுப்பது, எந்தப் பாதை, என்ன கட்டணம் என்பதில் ஊராட்சி ஒன்றியத்துக்கும் கிராம சபைக்கும் சொல் வேண்டும். வண்டித் தகுதி, பிரேக், டிரைவர் சோதனை ஆர்.டி.ஓ.விடமே இருக்கட்டும். ஜில்லா போர்டு காலத்தை மறந்துவிட்டுப் பேசவில்லை. தலைவரின் மச்சானுக்கு முதல் லைசென்ஸ் போகும் என்று எனக்கும் தெரியும். அதற்காகத்தான் கிராம சபை, விண்ணப்பங்களைப் பொதுவில் படிக்கிற ஏற்பாடு எல்லாம். இப்போது இருக்கிற முறையில் மச்சானும் ஓட்டுகிறான், எல்லாரும் ஓட்டுகிறார்கள், லைசென்ஸ் மட்டும் யாரிடமும் இல்லை.

இதற்கு நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்சம் நாளானது. அபராதத்தை 10,000 ஆக்கிய அதே 2019 திருத்தம், 67வது பிரிவில் புதிதாக ஒரு உட்பிரிவைச் சேர்த்தது. சட்டத்தில் வேறு எது என்ன சொன்னாலும், மாநில அரசு ஒரு அறிவிக்கையின் மூலம் பர்மிட்டுகளை மாற்றியமைக்கலாம், தனித் திட்டம் போட்டு அதன்கீழ் லைசென்ஸ் கொடுக்கலாம். எதற்காக என்று ஒரு பட்டியலும் இருக்கிறது. கடைசி மைல் இணைப்பு அதில் முதலாவது. கிராமப்புறப் போக்குவரத்து இரண்டாவது.